வலது பெருவிரல்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தங்கையின் மகன் ஸ்காபரோவிலிருந்து அழைத்தான். வழக்கமாகத் தாய் பேசி முடித்த பிறகு, "இந்தா, மாமாவோடை கதை" என்று தொலைபேசியை அவன் கையில் திணிப்பதுதான் நடைமுறை. தானாக அழைத்தது அபூர்வம்.

"மாமா, உங்கடை பேஸ்மென்ற்றிலை ஒரு ஹெல்மெற் கிடந்ததெல்லே? அதை எடுக்கலாமோ?"

எதற்கு என்று கேட்டேன். நண்பர்கள் நான்கு பேர். ஹாலிபேர்ட்டன் பக்கம் இரண்டு நாள் வாடகைக்கு ஸ்னோமொபைல் எடுக்கிறார்கள். வாடகைக்காரர் தலைக்கவசமும் தருவாராம். ஆனால் யாரோ போட்டு வியர்த்ததைப் போட மனமில்லையாம். "கார் லைசென்ஸ் இருந்தால் போதுமாம், மாமா. மோட்டார்சைக்கிள் மாதிரித்தான் எண்டு சொல்லுறாங்கள்."

அந்தத் தலைக்கவசத்தின் இடது காதுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு உண்டு. 2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலிருந்து அது நிலவறை அலமாரியின் மேற்தட்டில் கிடக்கிறது. ஒருமுறை அடி வாங்கிய தலைக்கவசத்தை மறுபடி அணியக்கூடாது. வெளியே ஒரு கீறல் மட்டும் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு நசிந்து தன் வேலையை ஒருமுறை செய்து முடித்திருக்கும். இதை அவனுக்குச் சொன்னேன். பிறகு ஏன் அதை வீசாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உடனே சொல்ல என்னிடம் பதில் இருந்திருக்காது.

விபத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். இரவில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பின்னால் நான் போய்க்கொண்டிருந்தேன். காட்டுக்குள் ஒரு வளைவில் அவர் சடுதியாக நிறுத்திவிட்டார். நான் போய் மோதிவிட்டேன். அவருக்குக் கால் முறிந்தது, எனக்குத் தலைக்கவசம் வெடித்தது. கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கடைசியில் மனைவி, "அந்த வெள்ளைக்காரன் பிரேக் அடிச்சதாலை வந்த வினை" என்று முடித்து வைப்பாள்.

"நீ வெள்ளிக்கிழமை போகேக்கை இஞ்சை ஒருக்கா இறங்கிப் போ" என்றேன். ஹாலிபேர்ட்டனுக்கு அது சுற்று வழிதான். வருகிறேன் என்றான்.

*

நாங்கள் 2001இல் ரொறன்ரோவை விட்டு வடக்கே, சிம்கோ ஏரிக்கும் அப்பால், இந்தச் சின்ன நகரத்துக்கு வந்தோம். கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. தமிழ்க்கடைக்குப் போவதென்றால் ஒன்றரை மணி நேரம் காரோட வேண்டும். முதல் குளிர்காலத்தில், வீட்டின் பின்வேலிக்கு அப்பாலுள்ள வயலில் இரவு நேரங்களில் வெளிச்சங்கள் வரிசையாக ஊர்ந்து போவதைக் கண்டேன். சத்தம் சில்வண்டு போலத் தொடங்கி, மரம் அரியும் வாளாகப் பெருத்து, மறுபடி சில்வண்டாகித் தேய்ந்து போகும். மனைவி எரிச்சலோடு யன்னலை மூடுவாள்.

பக்கத்து வீட்டுக்காரர் அப்போது அறுபதைக் கடந்தவர். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அந்த ஒளி வரிசைகள் ஓடும் பாதையைச் செப்பனிடுவது அவருடைய சங்கத்தின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. அந்தப் பாதையின் பெரும் பகுதி தனியாருடைய நிலம் என்பதும், கமக்காரர்கள் கொடுக்கும் அனுமதியில்தான் எல்லாம் ஓடுகிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். யாராவது ஒருவன் பாதையை விட்டு விலகி, பனிக்கடியில் உறங்கும் கோதுமைப் பயிருக்கு மேலே ஏறி விளையாடினால் போதும். நிலக்காரர் கையை விரித்துவிடுவார், பத்து மைல் பாதை துண்டாகிப்போகும். இலையுதிர்காலம் வந்தால் அவர் ஒரு போத்தல் மேப்பிள் பாகோடு கமக்காரர் வீடுகளுக்கு ஏறி இறங்குவார். நேர்த்திக்கடன் போல அதைச் செய்தார்.

இந்தப் பகுதியில் எல்லோரும் இந்த வண்டியை 'ஸ்கிடூ' என்றே சொல்வார்கள். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். நாங்கள் எந்தப் பற்பசையையும் 'கோபால் பற்பொடி' என்ற காலம்போல, பெயர் பொருளை விழுங்கிவிட்டது. அதன் பிறப்பிடம் கியூபெக்கின் வால்கோர்ட் என்னும் கிராமம். ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியர் 1922இல், பதினைந்து வயதில், ஒரு பழைய போர்ட் கார் எஞ்சினைச் சறுக்குக் கட்டையில் பூட்டி, பின்னால் விமான விசிறி ஒன்றை மாட்டி, பனித்தெருவில் ஓடவிட்டார். விசிறி யாரையும் வெட்டிவிடும் என்று பயந்த தகப்பன் உடனடியாக அதைப் பிரித்துப்போடச் சொன்னார். இந்த வாகனத்தின் வரலாறே ஒரு தகப்பனின் எச்சரிக்கையோடு தொடங்கியது என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

அதற்குப் பிறகு நடந்தது வேறு விதமானது. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பொம்பார்டியருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி முற்றியது. மருத்துவமனை ஷேர்புரூக் நகரத்தில். தெருக்கள் பனியால் மூடிக்கிடந்தன. பட்டறையில் பனி வண்டி ஒன்று அரைகுறையாக நின்றது, ஓடாது. பிள்ளை இறந்துபோனது. 1937இல் பல்சக்கரமும் ரப்பர் பட்டியும் சேர்ந்த அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் ஏறும் வண்டியும் பிறகு பன்னிரண்டு பேர் ஏறும் வண்டியும் வந்தன. அவை அம்புலன்ஸாகவும் தபால் வண்டியாகவும் பள்ளிக்கூட பஸ்ஸாகவும் ஓடின. 1940களின் இறுதியில் கியூபெக் அரசாங்கம் கிராமத்துத் தெருக்களிலும் பனி அள்ளத் தொடங்கியதும் பெரிய வண்டிகளுக்குத் தேவை குறைந்தது. ஒருவர் இருவர் ஏறும் சின்ன வண்டி 1959இல் சந்தைக்கு வந்தது. வடக்கே ஒரு பாதிரியாருக்கும் வேட்டைக்காரர்களுக்கும் என்று நினைத்துச் செய்தது, சில ஆண்டுகளில் ஒரு கண்டத்தின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது. உயிரைக் காப்பாற்ற நேரத்துக்கு வராத ஒரு வண்டி, பிறகு பலருக்கு நேரத்துக்கு முன்பே வந்தது என்று கிழவர் ஒருமுறை சொன்னார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் அல்லர். அன்றைக்கு இரண்டு கிளாஸ் விஸ்கி உள்ளே போயிருந்தது. வண்டி ஓட்டுகிற நாளில் ஒரு சொட்டும் தொடமாட்டார்.

*

2003இல் அவருடைய பழைய வண்டி ஒன்றை நான் வாங்கினேன். மனைவி ஒரு வாரம் பேசவில்லை.

அதை ஓட்டுவது மிகவும் இலகு. ஆபத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. கியர் கிடையாது, கிளச்சைக் காலால் மிதிக்கத் தேவையில்லை, சமநிலை பற்றிய கவலை இல்லை. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் சுழலும் ரப்பர் பட்டி. வலது கைப்பிடியில், பெருவிரலால் அழுத்தும் ஒரு சின்ன நெம்பு, அதுதான் வேகம். இடது கைப்பிடியில் பிரேக். ஐந்து நிமிடத்தில் யாரும் ஓடலாம். இருநூறு, இருநூற்றைம்பது கிலோ எடையுள்ள இரும்பு, ஒரு விரல் அசைவில் கார் வேகத்தில் பாயும்.

கிழவர் முதல் நாள் என்னைப் பாதைக்குக் கூட்டிப்போகவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, என்னை ஏறி உட்காரச் சொன்னார். பிறகு எதிர்பாராமல் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் பதறிக் கைப்பிடியை இறுக்கினேன். "பார்" என்றார். என் வலது பெருவிரல் நெம்பைக் கடைசிவரை அழுத்தியிருந்தது.

பயந்தவன் கையை இறுக்குவான். இறுக்கினால் பெருவிரல் அழுத்தும். அழுத்தினால் வண்டி, அவன் எதைக் கண்டு பயந்தானோ அதை நோக்கியே பாயும். புதியவர்கள் மரத்தில் மோதுவது இப்படித்தான் என்றார். அன்று அரைமணி நேரம் அவர் தள்ளத் தள்ள, பெருவிரலை நெம்பிலிருந்து தூக்கி, மற்ற நான்கு விரல்களால் மட்டும் பிடிக்கப் பழகினேன். எங்கள் வீட்டு யன்னலில் இருந்து மனைவி இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியிலிருந்து ஒரு சுருள் கயிறு வரும். அதன் கொளுக்கியை ஜாக்கெட்டில் மாட்ட வேண்டும். ஓட்டுபவர் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். என்னோடு ஓடிய எத்தனையோ பேர் அதைக் கைப்பிடியில் சும்மா சுற்றிவிட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒன்ராறியோவில் பாதைகளின் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். இதைச் சொன்னால் ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். நேரான பாதையில் எண்பது, நூறு சாதாரணம். ஏரிப் பரப்பில் கேட்கவே வேண்டாம். நானும் சிரித்தவர்களில் ஒருவன்.

*

வெள்ளிக்கிழமை பிற்பகல் மருமகன் வந்தான். புதிய ஜாக்கெட், புதிய சப்பாத்து. அவனுக்கு 23 வயது. ரோட்டில் நிதானமாகக் கார் ஓட்டுகிற பிள்ளை. மனைவி குசினிக்குள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நான் அவனுக்காக வாங்கி வைத்திருந்த தலைக்கவசத்தை மேசையில் வைத்தேன். அதோடு வேறு ஒன்றையும் வைத்தேன்: இரண்டு மரக்கைப்பிடிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் கூராக்கிய ஆணி, இரண்டையும் இணைக்கும் நீளமான கயிறு. விளக்குமாற்றுத் தடியை அறுத்துக் கிழவர் தம் கையால் செய்து தந்தது.

"இதென்ன மாமா, ஆயுதம்?"

ஏரிக்குள் விழுந்தால் கரையேறுவதற்கு என்றேன். தாங்கள் பாதையில்தான் ஓடப் போகிறோம், ஏரியில் இறங்க மாட்டோம் என்றான். இறங்க மாட்டோம் என்று புறப்பட்டவர்களைப் பற்றி அவனுக்குச் சொன்னேன்.

2020 ஜனவரி 21ஆம் திகதி மாலை. கியூபெக்கில் லாக் சென் ஜோன் என்னும் பெரிய ஏரி. பிரான்ஸிலிருந்து வந்த எட்டுச் சுற்றுலாப் பயணிகள், அவர்களுக்கு ஒரு வழிகாட்டி. இருட்டிய பிறகு, குறியிட்ட பாதையிலிருந்து விலகி, ஏரியின் நீர் சகுவனே ஆற்றை நோக்கி வெளியேறும் வாய்க்கு அருகே போனார்கள். பனிப்பாளம் உடைந்தது. மூன்று பயணிகள் தப்பினார்கள். ஐந்து பேர் தண்ணீருக்குள் போனார்கள். மீட்கப்பட்ட வழிகாட்டி மருத்துவமனையில் இறந்தார். தேடுதல் பல நாட்கள் நடந்தது.

ஜனவரி நடுப்பகுதி. கடுங்குளிர். ஏரி முழுக்க வெள்ளை. எங்கும் ஒரே மாதிரித்தான் தெரிந்திருக்கும். ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பது. 'பனிக்குள்ளை நிக்காதை' என்று அம்மா தலையில் துவாயைப் போடுவார். வானத்திலிருந்து விழுகிற வெள்ளைக்கும், ஏரியில் இறுகுகிற பாளத்துக்கும், வைகறையில் சொட்டுகிற ஈரத்துக்கும் எங்களிடம் ஒரே சொல்தான். இங்கே பாளத்துக்குள்ளேயே பல சாதிகள் உண்டு. கண்ணாடிபோலத் தெளிந்து நீலமாக இருப்பது வலியது. பனித்தூள் நனைந்து உறைந்து பால் வெள்ளையாக இருப்பதற்கு அதில் பாதி வலிமைதான். சாம்பல் நிறமென்றால் உள்ளே தண்ணீர் நிற்கிறது, கால் வைக்கக்கூடாது. ஸ்னோமொபைல் ஓட 25 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டுமென்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. ஆனால் ஓரிடத்தில் துளைபோட்டு அளந்தால் அந்த ஓரிடத்தின் தடிப்புத்தான் தெரியும். ஓடை வந்து சேருமிடம், ஏரி ஒடுங்குமிடம், பாலத்தின் அடி, ஆறாக வெளியேறும் வாய், இங்கெல்லாம் கீழே தண்ணீர் நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும் நீர் பாளத்தை அடியிலிருந்து தின்னும். மேலே விழுந்த பனி கம்பளிபோல் மூடி, குளிரைக் கீழே போகவிடாது. ஆகவே பனி நிறையக் கொட்டிய ஆண்டில் ஏரி பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது பிழை.

இந்த நாட்களில் இன்னும் நம்பமுடியாமல் போய்விட்டது. 2023–24 குளிர்காலம் குளிர்காலமாகவே இருக்கவில்லை. தென் ஒன்ராறியோவின் பாதைகள் பல பருவம் முழுதும் வரைபடத்தில் சிவப்பு நிறமாகவே கிடந்தன. பாதை பச்சையா மஞ்சளா சிவப்பா என்று காலையில் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்றேன். தொலைபேசியில் அந்தப் படம் தன்னிடம் இருப்பதாகச் சொன்னான். அதற்கு அவனை மெச்சினேன்.

"விழுந்தால் உடனை விறைச்சுச் செத்துப் போவமோ?"

இல்லை. அப்படி நினைப்பதாலேயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர், தானே உறைநீருக்குள் பலமுறை இறங்கிப் பரிசோதித்தவர், இதற்கு மூன்று எண்களைச் சொல்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு தறிகெட்டு ஓடும். அந்த நிமிடத்தில் வேறொன்றும் செய்யாமல் தலையை மேலே வைத்து மூச்சை அடக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடங்கள் கைகால்கள் சொன்னதைக் கேட்கும். வெளியேறுவதற்கான நேரம் அதுதான். பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு, தலை தண்ணீருக்கு மேலே இருந்தால், நினைவு இருக்கும்.

"என்னெண்டு ஏறுறது? காட்டுங்கோ."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரவேற்பறைக் கம்பளத்தில் குப்புறப் படுத்தேன். வந்த திசைக்கே திரும்ப வேண்டும்; ஏனென்றால் அந்தப் பாளம் உன்னை அதுவரை தாங்கியிருக்கிறது. இரண்டு கைகளையும் நீட்டி ஆணியைக் குத்து. கால்களை நீச்சல்போல அடி, உடம்பு கிடையாக வரும்வரை. ஒரு ஆணி, மறு ஆணி என்று இழு. வெளியே வந்ததும் எழும்பி நிற்காதே; உருண்டு போ. நான் சோபா வரைக்கும் உருண்டு காட்டினேன். மனைவி ரொட்டித் தட்டோடு வந்து நின்று, அறுபது வயதில் உங்களுக்கு என்ன பிடித்தது என்று கேட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவனும் படுத்து ஒருமுறை செய்தான். கயிற்றை இரு சட்டைக் கைகளுக்குள்ளும் கோத்து வைத்தால் ஆணி எப்போதும் கைக்கு எட்டும் என்று காட்டினேன்.

*

கைச்சைகைகளைச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் அது நடந்தது.

தலைக்கவசத்துக்குள் எஞ்சின் சத்தத்தில் யாரும் யாருக்கும் எதையும் கத்திச் சொல்ல முடியாது. முன்னே போகிறவன் கையால் சொல்ல வேண்டும். இடது கையை நேரே மேலே உயர்த்தினால், நில். பக்கவாட்டில் நீட்டினால் இடது பக்கம் திரும்புகிறேன். முழங்கையில் மடித்து மேலே காட்டினால் வலது. எதிரே வண்டி வருகிறது, எனக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், நான்தான் கடைசி, இப்படி எல்லாவற்றுக்கும் உண்டு.

"எல்லாம் இடது கையாலையோ?"

"ஓம். வலது கை பெருவிரல் அக்சிலேட்டரிலை இருக்கும்."

அவன் மேசை முன்னால் உட்கார்ந்து, கற்பனைக் கைப்பிடியைப் பிடித்தான். இடது கையை உயர்த்தினான், இறக்கினான், மறுபடி உயர்த்தினான்.

"அப்ப பிரேக்?"

நான் பேசாமல் இருந்தேன்.

"பிரேக்கும் இடது கையிலைதானே, மாமா? கையைத் தூக்கினால் பிரேக் பிடிக்க ஏலாதே. முதல் சிக்னல் குடுக்கிறதோ, முதல் பிரேக் அடிக்கிறதோ?"

பின்னால் வருகிறவன் எவ்வளவு கிட்ட வருகிறான் என்பதைப் பொறுத்தது என்றேன். பிறகு, இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் சொல்லாததை அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்ட கேள்வியைக் கேட்கும் அளவுக்கு அந்த வண்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் எங்கள் விழாக்களில் எவரும் இருந்ததில்லை.

அந்த இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 22 பாகை. பனி மாவுபோல உலர்ந்திருந்தது. அப்படிப்பட்ட பனியில் முன்னால் போகும் வண்டியின் பட்டி தூளைக் கிளப்பி ஒரு மேகத்தையே இழுத்துக்கொண்டு போகும். பின்னால் வருபவனுடைய விளக்கு அந்த மேகத்தில் பட்டுத் தெறித்து, வெள்ளைச் சுவரைப் பார்ப்பதுபோல இருக்கும். தூள் அடங்கும்வரை விலகி நில். என்னைத் தவறவிட்டால் கவலைப்படாதே, ஒவ்வொரு சந்தியிலும் காத்திருப்பேன் என்று புறப்படும்போதே கிழவர் சொல்லியிருந்தார். எனக்கு இருட்டுக் காட்டில் தனியே விடப்படுவதில் பயம். அவருடைய சிவப்புப் பின்விளக்கைத் தவறவிடக்கூடாது என்று கிட்டக் கிட்டப் போனேன். இருபது மீற்றர் இருக்கலாம். வேகம் எழுபது. அந்த வேகத்தில் வண்டி வினாடிக்கு 19 மீற்றர் போகும். கண் கண்டு, மூளை புரிந்து, கை அசைய ஒன்றரை வினாடி பிடிக்கும். இந்தக் கணக்கைப் பிறகு பல இரவுகள் போட்டுப் பார்த்திருக்கிறேன். நான் பிரேக்கைத் தொட முன்னரே எங்களுக்கு இடையில் இருந்த தூரம் முடிந்துவிடும்.

வளைவில் எதிரே பாதை செப்பனிடும் இயந்திரம் வந்தது. அது பாதையை முழுதாக அடைத்துக்கொண்டு மெதுவாக வரும் ஒரு பெரிய உழவு இயந்திரம். குளிர்ந்த இரவில் சமப்படுத்தினால்தான் பனி இறுகும் என்பதால் இரவில்தான் வேலை செய்வார்கள். கிழவர் அதன் விளக்கைக் கண்டார். பெருவிரலை எடுத்தார். பிறகு, பிரேக்கைப் பிடிக்க வேண்டிய இடது கையை நேரே மேலே உயர்த்தினார். பின்னால் நான் எவ்வளவு கிட்ட வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும். கையை உயர்த்தியபடியே அவருடைய வண்டி அந்தப் பெரிய இயந்திரத்தை நோக்கி ஓடியிருக்கிறது. கடைசியில்தான் பிரேக் பிடித்தார். இதை எனக்குச் சொன்னது அந்த இயந்திரத்தை ஓட்டிய மனிதர்; மேலே உட்கார்ந்திருந்ததால் எல்லாவற்றையும் கண்டவர்.

நான் கையைக் காணவில்லை. வெள்ளைச் சுவருக்குள் சிவப்பு விளக்கு திடீரென்று பெரிதானது. பயத்தில் கைப்பிடியை இறுக்கினேன். முற்றத்தில் அரைமணி நேரம் பழகிய அந்தப் பெருவிரல், பழகாத பெருவிரல்போல நெம்பை அழுத்தியது. நான் பிரேக் அடிக்கவில்லை. வேகம் கூட்டியபடி அவர்மீது ஏறினேன்.

என் சறுக்குப் பலகை அவருடைய இடது காலை அவருடைய வண்டியோடு சேர்த்து நெரித்தது. எஞ்சின்களை அணைக்கச் சொன்னது அவர்தான். அணைத்ததும் காடு ஒரு பெரிய அறை போலானது. இயந்திரக்காரர் வானொலியில் பேசினார். அம்புலன்ஸ் காட்டுக்குள் வராது. மீட்புக்காரர்கள் இழுவைப் படுக்கையோடு பாதை வழியே வர வேண்டும். ஒரு மணி நாற்பது நிமிடம். வண்டியின் இருக்கையைக் கழற்றி அவருக்கு அடியில் வைக்கச் சொன்னார். பனியில் நேரே கிடந்தால் நிலம் சூட்டை உறிஞ்சிவிடும். காலை எப்படி அசையாமல் கட்டுவது என்று அவரே சொல்லித் தந்தார். என் நடுக்கத்தைக் கண்டு, உன் தலை எப்படி இருக்கிறது என்று இரண்டுமுறை கேட்டார்.

பொலிஸார் கேட்டபோது, பனித்தூள், வளைவு, யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது என்று மட்டும் சொன்னார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம், அவர் சடுதியாக நிறுத்திவிட்டார் என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்த சொல் அது. மறுநாள் திருத்தியிருக்கலாம். மறுநாள் அவள் அதைத் தங்கைக்குச் சொல்லிவிட்டிருந்தாள்.

அவர் மறுபடி வண்டி ஓட்டவில்லை. கால் கூடியது, ஆனால் முழங்கால் மடங்கவில்லை. கராஜில் உட்கார்ந்து பாதைக்கு நடும் குறித்தடிகளுக்கு வண்ணம் பூசுவார். ஒரு நாள் வேலிக்கு மேலால் இந்த ஆணிகளை நீட்டி, நீ தனியாகப் போவாய், இதை வைத்துக்கொள் என்றார். நான் அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலங்கள் ஓடினேன், பிறகு விற்றுவிட்டேன். அவர் 2014இல் இறந்தார். தேவாலயத்தில் அவரைப் பற்றிப் பேச என்னையும் அழைத்தார்கள். நல்ல அயலவர் என்று இரண்டு நிமிடம் பேசினேன்.

மருமகன் தலைக்கவசத்தை மடியில் வைத்து அதன் பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். "நான் ஆக முன்னுக்குப் போறவனுக்குச் சொல்லுறன், மாமா, சந்தியளிலை நிக்கச் சொல்லி" என்றான். பிறகு ஆணிக் கயிற்றை எடுத்து ஜாக்கெட்டின் கைகளுக்குள் கோக்கத் தொடங்கினான்.

மனைவி குசினி வாசலில் நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவன் காரை எடுத்துக்கொண்டு போகும்வரை ஒன்றும் பேசவில்லை. வெளிவிளக்கை அணைத்துவிட்டு வந்து எதிரே கதிரையில் உட்கார்ந்தாள்.

"அந்த மனிசனுக்கு நான் சூப் காய்ச்சிக்கொண்டு போனனான், கால் உடைஞ்சு கிடக்கேக்கை" என்றாள். "என்ரை அரைகுறை இங்கிலீசிலை கேட்டனான், ஏன் அப்பிடிச் சடுதியாய் நிப்பாட்டினனீங்கள், இவருக்கு ஏதும் நடந்திருந்தால் எண்டு."

"என்ன சொன்னவர்?"

"சொறி எண்டு சொன்னவர். இன்னும் கொஞ்சம் முன்னமே கையைத் தூக்கியிருக்க வேணும் எண்டவர்."